பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு விளக்கு

எங்கள் முதல் கார் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒக்லாந்துக்கு வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் பெரும்பாலும் அப்படியான கார்களைத்தான் ஓடினார்கள். யாரோ ஒரு ஜப்பானியர் பூப்போல வைத்து ஓடிவிட்டு விற்ற கார். அதன் வானொலியில் இந்த ஊர் நிலையங்கள் பாதிக்கு மேல் பிடிபடாது. ஜப்பானின் அலைவரிசைக்கென்று செய்தது அது. கூட வந்த கையேடு முழுக்க ஜப்பானிய எழுத்து. என் கணவர் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். விளங்காவிட்டாலும் எறிய மனமில்லாமல், முன்னால் இருந்த சிறு பெட்டிக்குள் பவ்வியமாக வைத்து மூடினார்.

மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஓர் எலுமிச்சை மரம் நின்றது. ஊரில் புது வாகனத்தின் சில்லுகளுக்குக் கீழே வைக்கிற தேசிக்காய் சின்னது, தோலும் மெல்லியது. இந்த மரத்துக் காயோ கைப்பிடி அளவு, தோல் மொத்தம். நான்கு சில்லுக்கும் நான்கு வைத்துவிட்டு அவர் காரை எடுத்தபோது இரண்டு ஒழுங்காக நசிந்தன, மற்ற இரண்டும் தெறித்து அடுத்த வீட்டு வேலிக்குள் போய்விட்டன. இது செல்லுமா என்று நான் கேட்டேன். நசிந்தாலும் உருண்டாலும் பலன் ஒன்றுதான் என்றார். தனக்கு வசதியான சாத்திரத்தை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளக்கூடிய மனிதர் அவர்.

தேங்காய் உடைத்து, சந்தனம் வைத்து, கடைசியாகக் கொழும்பிலிருந்து வந்த ஒட்டுப்படத்தைக் கையில் எடுத்தார். தீப்பெட்டி அளவில் மெல்லிய ஒரு பிள்ளையார். சுக்கானுக்கு முன்னால் உள்ள மேல்தட்டில் ஒட்டிப் பார்த்தார். சொரசொரப்பான அந்தப் பிளாஸ்டிக்கில் பிள்ளையார் நிற்கமாட்டேன் என்று சுருண்டு விழுந்தார். வேகமானியும் பெற்றோல் முள்ளும் தெரிகிற கண்ணாடிதான் வழுவழுப்பாக இருந்தது. அதன் வலது மூலையில் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் திறப்பைத் துவாரத்தில் செருகித் திருப்பியபோது பிள்ளையாரின் வயிறு மஞ்சளாக ஒளிர்ந்தது. கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு, தானாக அணைந்தது. கணவர் கைகூப்பினார். மறுநாளும் அப்படியே. சில நாட்களில் எங்கள் வீட்டில் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது: பிள்ளையார் ஒளிர்ந்து அணையும்வரை கார் அசையக்கூடாது. அவர் பார்த்துவிட்டு விடை தருகிறார், பிறகு போகலாம். ஒன்பது வயது மகள் பின் இருக்கையில் இருந்து எட்டிப் பார்த்து, "ஹி இஸ் ஓன்... ஓகே, ஹி இஸ் ஓஃப்" என்று ஆங்கிலத்தில் அறிவிப்பாள். நாங்கள் தமிழில் கேட்டாலும் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். பிள்ளையாரையும் அவள் அந்த மொழிக்குப் பழக்கிவிட்டாள். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கணவர் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். வன்னிக் காடுகளுக்குள் திணைக்களத்து ஜீப்பை ஓடித் திரிந்தவர். இங்கே தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கினாலும், சுக்கானைப் பிடித்துவிட்டால் பழைய உத்தியோகத்தர்தான். இத்தனை வருடம் ஓடியும் ஒரு மாட்டில்கூட முட்டவில்லை என்பது அவருடைய பெரிய பெருமை. அதற்குக் காரணம் அவருடைய பிரேக் சாத்திரம். மழையிலும் கிரவல் கல் ரோட்டிலும் பிரேக்கை ஒரேயடியாக அமத்தக்கூடாது. அமத்தினால் சில்லு இறுகிப்போகும், இறுகின சில்லு சறுக்கும். ஆகவே விட்டு விட்டு அமத்தவேண்டும்: அமத்து, விடு, அமத்து, விடு. எனக்குக் கார் பழக்கத் தொடங்கிய முதல் நாளே இதைத்தான் சொன்னார். சுக்கானைப் பற்றி அதற்குப் பிறகுதான் கதைத்தார்.

நான் கார் பழகியே ஆகவேண்டிய நிலைமை ஒன்று வந்திருந்தது. ஹென்டர்சனில் மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கிற ஒரு சிறு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஊரில் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள் நான். வில்லை, ஒளி, அளவு என்றால் எனக்கு உயிர். இந்த நாட்டுக்கு வந்தபின் எனக்கென்று கிடைத்த முதல் வேலை. ஆனால் முதல் ஷிப்ட் விடியற்காலையில் தொடங்கும், அந்த நேரத்துக்கு மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து பஸ் இல்லை. கணவருக்கோ வேலைத்தலம் நடந்து போகிற தூரம், அவருக்குக் கார் தேவையில்லை. அடுத்த மாதத் தொடக்கத்துக்குள் லைசன்ஸ் எடுத்தால் இடம் உனக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அவரே பழக்கினார். பக்கத்து இருக்கையில் இருந்தபடி, இல்லாத ஒரு பிரேக்கைக் காலால் அமத்திக்கொண்டே வருவார். சந்தி வந்தால் அமத்து, விடு. பூனை வந்தால் அமத்து, விடு. அந்தப் பக்கத்து மிதிவிரிப்பு ஒரே இடத்தில் தேய்ந்து ஓட்டை விழுந்ததே தவிர, ஓட்டுகிற என் பக்கத்து விரிப்பு புதுசு குலையவில்லை. ஒரு முறை மழையில் அவரே ஓடிக்கொண்டிருந்தபோது அவசரமாக அமத்தினார். கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. பிரேக் தன் காலைத் திருப்பி உதைக்கிறது என்றார். காரில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து இன்னும் கூடுதலாக விட்டு விட்டு அமத்தினார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் அவருடைய முயலுக்கு ஒன்றரைக் கால்தான்.

பரீட்சை நெருங்கியதும், முறையாகப் பழக்குகிற ஆசிரியை ஒருவரிடம் சில பாடம் எடுத்தேன். வெள்ளைக்காரப் பெண்மணி, எங்கள் காரிலேயே வந்து பழக்குவார். ஒரு மழை நாளில் ஆளில்லாத தெருவில் என்னை வேகமாக ஓடவிட்டு, நிறுத்து என்றார். நான் கணவரின் மாணவியாகவே அமத்தி விட்டு, அமத்தி விட்டு நிறுத்தினேன். தலையை ஆட்டிவிட்டு, திரும்ப ஓடு, இம்முறை முழுப் பலத்தோடு அமத்து, காலை எடுக்காதே என்றார். அமத்தினேன். கடகடவென்று பிரேக் காலடியில் துடித்தது. பயத்தில் காலை எடுக்கப் பார்த்தேன். எடுக்காதே என்று அவர் என் முழங்காலைத் தட்டினார். கார் நேராக, சறுக்காமல், பழைய தூரத்தில் பாதியிலேயே நின்றது.

அது கோளாறு இல்லையாம், காரின் புத்தியாம். ஒவ்வொரு சில்லிலும் பல் வைத்த ஒரு வளையம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சிறு உணரி, அந்தப் பற்கள் எவ்வளவு வேகமாகக் கடந்து போகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சில்லு மற்றவற்றைவிடத் திடீரென்று சோர்ந்தால், அது இறுகி நிற்கப் போகிறது என்று காருக்குத் தெரிந்துவிடும். உடனே அந்தச் சில்லுக்குப் போகிற பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை ஒரு வால்வு கொஞ்சம் குறைக்கும், சில்லு உருளத் தொடங்கியதும் திரும்பக் கூட்டும். ஒரு நொடிக்குள் பல முறை. காலடியில் வந்த துடிப்பு அதுதான். ஈரச் சீமெந்தில் செருப்போடு நடந்தவருக்கு இது விளங்கும்: அடி பதிந்து நடக்கிறவரை செருப்பு சொன்ன பக்கம் போகும், வழுக்கத் தொடங்கிவிட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காது. சில்லும் அப்படித்தான். உருளுகிற சில்லைத்தான் திருப்பலாம்.

ஆய்வுகூடத்துக்காரிக்கு இது போதாதா? எனக்கு அந்த நாளே பண்டிகை. கணவர் காலால் செய்ததையேதான் கார் செய்கிறது, அவரைவிட வேகமாக, சில்லுக்குச் சில்லு தனித்தனியாக. அவர் காலை எடுக்கிற ஒவ்வொரு முறையும் போதும் நிறுத்து என்று காருக்குச் சொல்லி, அதன் வேலையைக் குழப்புகிறார். அவ்வளவுதான் விஷயம்.

இது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும் என்று ஆசிரியையைக் கேட்டேன். திறப்பைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து, கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததும் அணையும் என்றார். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. பிரேக் இருக்கும், ஆனால் பழைய காலத்துக் கார்போலத்தான் நிற்கும். அப்படி ஒரு விளக்கு எங்கள் காரில் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கனவே பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடவுளைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில் சண்டை. நான் எல்லாவற்றையும் விளக்கினேன், பல்வளையம் உட்பட. அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் கும்பிட்டது ஒரு பல்பை எண்டு சொல்லுறீர்?" என்றார்.

"பிள்ளையாரையும் கும்பிட்டனீங்கள், பல்பையும் கும்பிட்டனீங்கள்" என்றேன்.

அது பிழையாகப் போய்விட்டது. ஒட்டின சாமியைப் பிடுங்கி எடுக்கிறது எங்கள் பரம்பரையில் இல்லை என்றார். விட்டு விட்டு அமத்தத் தெரியாத ஆளிடம் திறப்பைக் கொடுத்துத் தனியே அனுப்பவும் முடியாது என்றார். இதைத்தான் நான் பயந்தேன். லைசன்ஸ் தருகிறவர் அரசாங்கத்து அதிகாரி. திறப்பைத் தருகிறவர் இவர். அதன்பிறகு நான் இரண்டு தோணியில் கால் வைத்தேன். ஆசிரியை பக்கத்தில் இருந்தால் அமத்திப் பிடிப்பேன், கணவர் இருந்தால் விட்டு விட்டு அமத்துவேன். பிள்ளையார் இருவருக்கும் பொதுவாகக் காலையில் ஒளிர்ந்து அணைந்துகொண்டிருந்தார்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆல்பனியில் ஒரு குடும்பம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தது. அப்போது ஆல்பனியில் பாதி தோட்டமும் குதிரை மேய்கிற நிலமும்தான். அவர்களுடைய வீட்டுக்குப் போகிற வழி முழுக்கக் கிரவல், கல் தெறித்து காரின் அடியில் சடசடவென்று அடித்தது. சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடும்போது மழை தூறியது. பழகுகிறவருக்கான எல் பலகையை மாட்டிக்கொண்டு நான்தான் சுக்கானில் இருந்தேன். திறப்பைத் திருப்பினேன். பிள்ளையார் ஒளிர்ந்தார். அணையவில்லை.

"அம்மா, ஹி இஸ் ஸ்டில் ஓன்" என்றாள் மகள்.

கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளையார் இன்று விடை தந்து அனுப்பவில்லை, கூடவே வருகிறார் என்றார். இது அணையாவிட்டால் என்ன அர்த்தம் என்று நான்தானே சொன்னேன் என்றேன். பிரேக் இருக்கா இல்லையா என்று கேட்டார். இருக்கு. அப்ப மெதுவாக எடும் என்றார். வீட்டுக்காரர் வாசலில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேக் இருந்தது உண்மைதான். மெதுவாக எடுத்தேன்.

கிரவல் முடிந்து தார் ரோட்டில் ஏறி, மலைச்சரிவில் இறங்கினோம். வளைவு திரும்பியதும் எதிரே ஒரு வீட்டு வாசலில் இருந்து படகு ஒன்று வெளியே வந்தது. ஒக்லாந்தில் மழையோ வெயிலோ ஞாயிற்றுக்கிழமையென்றால் யாராவது படகை இழுத்துக்கொண்டு புறப்படுவார்கள். வண்டியில் ஏற்றிய படகு, பின்பக்கமாக, முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு நகர்ந்தது. என் கால் தானாகப் போய் முழுப் பலத்தோடு அமத்தியது. ஆசிரியை சொன்னபடியே, எடுக்காமல்.

காலடியில் துடிப்பு வரவில்லை. கடகடப்பும் வரவில்லை. நான்கு சில்லும் இறுகி, கார் ஈரத் தாரில் சத்தமில்லாமல் வழுக்கியது. சுக்கானை இடப்பக்கம் முழுவதும் திருப்பிவிட்டேன். கார் அதைக் கேட்காமல் நேரே படகை நோக்கிப் போனது. அந்தப் படகின் வெள்ளை அடிவயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மகள் பின்னால் இருக்கிறாள் என்ற ஒரு நினைவுதான் எனக்கு.

"விட்டு அமத்தும்" என்றார் கணவர். கத்தவில்லை. ஜீப்பில் இருந்த குரல் அது. "விடும். அமத்தும். விடும். இப்ப திருப்பும்."

விட்டேன். சில்லு உருண்டது, சுக்கான் பிடித்தது, கார் இடப்பக்கம் திரும்பியது. அமத்தினேன், விட்டேன், அமத்தினேன். படகின் வாலைக் கடந்து ரோட்டோரப் புல்லில் ஏறி, வேலிக்குச் சற்று முன்னால் நின்றோம். படகுக்காரர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். எல்லோருக்கும் சுகம் என்றோம். நான் இன்னும் பிரேக்கை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மழைத்துடைப்பான் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கணவர் பிள்ளையாரைப் பார்த்தார். வயிறு இன்னும் மஞ்சளாக எரிந்தது.

"அந்த மனுசி என்ன சொன்னவ, இது எரிஞ்சுகொண்டிருந்தால்?" என்று மெதுவாகக் கேட்டார்.

திரும்பவும் சொன்னேன். எரிந்தால் காருக்குப் புத்தி இல்லை, நாங்கள்தான் விட்டு விட்டு அமத்தவேண்டும். அணைந்திருந்தால் அதற்குப் புத்தி இருக்கிறது, நாங்கள் காலை எடுக்கக்கூடாது.

"அப்ப ரெண்டு பேரும் சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார். அவர் தன்னைச் சொன்னாரா, ஆனைமுகனைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே எனக்குப் போதும். பிறகு இறங்கி, மழையில் சுற்றி வந்து சுக்கானில் இருந்து, வீடுவரை தவழ்ந்து போகிற வேகத்தில் ஓடினார்.

மறுநாள் கராஜில் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். கிரவல் கல் அடித்து, முன் சில்லு ஒன்றின் உணரிக்குப் போகிற கம்பி அறுந்திருந்தது. புதுக் கம்பி போட்டார்கள். கராஜ் வாசலில் வைத்தே கணவர் விரல் நகத்தால் பிள்ளையாரின் ஓரத்தைக் கிளப்பினார். கிழியாமல், ஒரு முடிச்சை அவிழ்க்கிற பொறுமையோடு. அடியில் ஏ.பி.எஸ். என்று மூன்று ஆங்கில எழுத்து இருந்தது. அதை வாசித்துவிட்டு, பிள்ளையாரை ஒரு விரற்கடை தள்ளி, விளக்கும் சாமியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி ஒட்டி, பழையபடி கட்டைவிரலால் தேய்த்துவிட்டார். தள்ளி வைப்பது பிடுங்கி எடுப்பது ஆகாது என்று ஒரு புதுச் சாத்திரமும் சொன்னார்.

அந்த வாரம் பரீட்சை அதிகாரி என்னைத் திடீரென்று நிறுத்தச் சொன்னார். அமத்திப் பிடித்தேன், காலடி துடித்தது, கார் நின்றது. லைசன்ஸ் கிடைத்தது.

இப்போது நான் ஓடுகிற காரில் திறப்பே இல்லை. பொத்தானை அமத்தினால் ஒரு கோயில் திருவிழா அளவுக்கு விளக்கு எரிந்து அணைகிறது. அதில் ஒன்று, சறுக்குகிற காரின் படம். சுக்கான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துவராவிட்டால், நான் பிரேக்கைத் தொடாமலே ஒரு சில்லை மட்டும் பிடித்துக் காரை வழிக்குக் கொண்டுவருமாம். வளைவில் வெளியே போகப் பார்த்தால் ஒரு சில்லு, வால் சுழலப் பார்த்தால் வேறு சில்லு. நல்லது. ஆனால் பக்கத்து இருக்கையின் மிதிவிரிப்பு ஓட்டையில்லாமல் கிடக்கிறது. அவர் போய்விட்டார். எத்தனை புத்தி உள்ள கார் வந்தாலும் அந்தக் காலின் ஆக்கினையைத்தான் என் மனம் தேடுகிறது.

வேலைக்குப் போன முதல் காலை நன்றாக நினைவிருக்கிறது. இருட்டு முழுதாக விலகவில்லை, மழை. கணவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு, குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். திறப்பை முதல் நாள் மாலையே என் கைப்பைக்குள் வைத்திருந்தார், சொல்லவில்லை. நான் திறப்பைத் திருப்பினேன். வெளியே நின்றவருக்கு விளக்குத் தெரியாது. அணைந்ததா என்று கையை விரித்துக் கேட்டார். அணைந்தது என்று தலையாட்டினேன். போம் என்று கைகாட்டினார்.

வாசல் கேட்டடியில் ரோட்டைப் பார்க்கப் பிரேக்கை அமத்தினேன். கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். என் பின்விளக்கின் சிவப்பு அவருடைய கால்களில் விழுந்திருந்தது. அவருடைய வலது கால் ஈரச் சீமெந்தை அமத்தியது. விட்டு விட்டு அல்ல. நான் ரோட்டில் ஏறித் திரும்பும்வரை, ஒரேயடியாக, எடுக்காமல் அமத்திப் பிடித்தபடி நின்றார்.